சென்னை மொட்டை மாடிக்கு ஏற்ற டெலஸ்கோப் எது?

மாடிவீட்டுக்காரி (பெரம்பூர்):

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளியிலிருந்து கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்குப் போய் வந்ததிலிருந்து, ராத்திரி சாப்பிட்டதும் மாடிக்கு ஓடிவிடுகிறாள். திருவாதிரை எது, கார்த்திகை எது, இந்த 2026 ஜனவரியில் கிழக்கே பளிச்சென்று நிற்கிற வியாழன் எது என்று எனக்கே காட்டிக் கொடுக்கிறாள். இப்போது டெலஸ்கோப் கேட்கிறாள். எதையோ வாங்கிக் கொடுத்து அவள் ஆர்வம் அணைந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

இருபதாயிரம் ரூபாய் வரை இப்போது முடியும். அதற்கு மேல் என்றால் சில மாசம் சேர்க்க வேண்டும். ஆன்லைனில் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 76 மி.மீ. விட்டம், 700 மி.மீ. நீளம், பெட்டியிலேயே "525 மடங்கு" என்று அச்சடித்திருக்கிறது. இன்னொன்று 127 மி.மீ., ஈக்வடோரியல் ஸ்டாண்டோடு (வானம் சுற்றுவதற்கேற்பத் திரும்புகிற சாய்ந்த அச்சுள்ளது) வருகிறது. வீடியோக்களில் வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் ஈக்வடோரியல்தான் ஒழுங்கான ஸ்டாண்ட் என்கிறார்கள்.

எங்கள் வீட்டுச் சூழ்நிலை: மூன்று மாடிக்கு மேல் மொட்டை மாடி. வடக்குப் பக்கம் அபார்ட்மெண்ட் மறைக்கிறது. தெற்கும் கிழக்கும் திறந்திருக்கும். தெருவில் வெள்ளை எல்இடி விளக்கு. இங்கிருந்து என்னதான் தெரியும், எதை வாங்கலாம்?


ஆறங்குலக் கண்ணாடி (அம்பத்தூர்):

அம்மா, வாங்குவதற்கு முன்னால் கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம்.

முதலில் அந்த 525. 700 மி.மீ. ஃபோகல் லெங்த்தை, அதாவது ஒளி குவிகிற தூரத்தை, கண் வைத்துப் பார்க்கிற 4 மி.மீ. ஐபீஸால் வகுத்தால் 175. கூடவே தருகிற 3 மடங்கு பார்லோ லென்ஸைப் போட்டால் 525. கணக்கு சரிதான். ஆனால் ஒரு டெலஸ்கோப்பின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருவதுதான் அதன் உச்ச வரம்பு. 76 மி.மீ.க்கு 150 மடங்கு. அதைத் தாண்டினால் படம் பெரிதாகும், இருண்டு போகும், மங்கிப் போகும். புதிதாக ஒரு விவரமும் தெரியாது. பெட்டியில் மடங்கை முதலில் எழுதியிருக்கிற டெலஸ்கோப்பைத் தள்ளி வைத்துவிடுங்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வி விட்டம், இரண்டாவது கேள்வி ஸ்டாண்ட் ஆடுமா ஆடாதா என்பது.

127 மி.மீ.யில் ஒரு வகை உண்டு. குழாய் அரை மீட்டர்தான் இருக்கும், ஃபோகல் லெங்த் மட்டும் 1000 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். படத்தைத் தெளிவாக்கத் திருகுகிற ஃபோகசருக்குள் ஒரு லென்ஸை ஒளித்து வைத்து நீளத்தைக் கூட்டுகிற பேர்டு-ஜோன்ஸ் அமைப்பு அது. கண்ணாடிகளை நேர்ப்படுத்துவது, அதாவது காலிமேஷன், பழகியவர்களுக்கே அதில் தலைவலி. ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். ஈக்வடோரியல் ஸ்டாண்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்பி வைக்க வேண்டும். துருவ நட்சத்திரம் நம் ஊர் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில் நிற்கும். சென்னை 13 டிகிரி. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி பத்து டிகிரி, ஆக அடிவானத்திலிருந்து ஒன்றே கால் முஷ்டி உயரம். அந்த உயரத்தில் சென்னையில் தூசி, புகை, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, உங்கள் விஷயத்தில் முழு அபார்ட்மெண்ட். நட்சத்திரமே கண்ணில் படாது. காம்பஸ் வைத்து ஒப்பேற்றலாம் என்றாலும், அச்சு கிட்டத்தட்டப் படுத்துவிடும். சில ஸ்டாண்டுகள் 15, 20 டிகிரிக்குக் கீழே இறங்கவே இறங்காது. இறங்கினாலும் எடைக்கல் தொங்குகிற கம்பி ட்ரைபாட் காலில் இடிக்கும். நீங்கள் பார்த்த வீடியோக்கள் 40, 50 டிகிரியில் வாழ்கிறவர்கள் எடுத்தவை. அவர்களுக்கு அது சரி. நம் ஊர் வானம் வேறு, அதற்கேற்ற சாமானும் வேறு.

என் பரிந்துரை டாப்சோனியன். கீழே ஒரு மரப்பெட்டி, மேலே குழாய். மேலும் கீழும், இடமும் வலமும் கையால் தள்ளிப் பார்ப்பது. துருவம் பார்க்க வேண்டாம், பேட்டரி வேண்டாம். இதைப் பரப்பிய ஜான் டாப்சன் சான் பிரான்சிஸ்கோவில் வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர். அட்டைக் குழாய், பிளைவுட், கப்பல் ஜன்னல் கண்ணாடி என்று கிடைத்ததை வைத்துச் செய்து, நடைபாதையில் போகிறவர்களுக்கெல்லாம் நிலாவைக் காட்டினார். ஆறங்குலம், எஃப்/8, அதாவது 150 மி.மீ. விட்டம், 1200 மி.மீ. ஃபோகல் லெங்த். 25 மி.மீ. ஐபீஸில் 48 மடங்கு, 10 மி.மீ.யில் 120 மடங்கு. வெளிச்சம் சேர்ப்பதில் அந்த 76 மி.மீ.யைப் போல நாலு மடங்கு.

உங்கள் பட்ஜெட்டுக்கு ஆறங்குலம் கைக்கெட்டாது. 130 மி.மீ. டேபிள்டாப் டாப்சோனியனும் நல்லதுதான். இல்லையென்றால் பொறுத்து ஆறங்குலமே வாங்குங்கள். ஒருமுறை வாங்கினால் கல்லூரி முடிக்கிற வரைக்கும் அவளுக்கு வேறு தேவைப்படாது.


தெற்குவானம் (திருவான்மியூர்):

சார் சொன்ன அட்சரேகை விஷயத்தை நானும் வழிமொழிகிறேன். ஆனால் முடிவு கொஞ்சம் மாறுபடும். மேடம், இப்போது கையில் இருக்கிற பணத்துக்கு 10x50 (பத்து மடங்கு, 50 மி.மீ. லென்ஸ்) பைனாகுலரும் உறுதியான ஒரு ட்ரைபாடும் வாங்குங்கள். மிச்சத்தை ஆறங்குலத்துக்குச் சேர்த்து வையுங்கள்.

நம் ஊரில் பைனாகுலருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், நமக்குக் கிடைக்கிற தெற்கு வானம். லண்டனில் இருக்கிறவருக்கு ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து உதிக்கவே உதிக்காது. நியூயார்க் பக்கம் அடிவானத்தில் இரண்டு மூன்று டிகிரி எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடும். சென்னையில் அது 29 டிகிரி வரை ஏறுகிறது. நம் பால்வெளியின் மிகப் பெரிய கோளக் கொத்து (நட்சத்திரங்கள் பந்து போலத் திரண்ட கூட்டம்) அது, சுமார் 17,000 ஒளியாண்டு தூரம். அகத்திய நட்சத்திரம் 24 டிகிரி, தென்சிலுவை 17 டிகிரி, ஆல்ஃபா சென்டாரி 16 டிகிரி. ஆங்கிலப் புத்தகங்களில் "தெற்கே போகும்போது பார்க்கலாம்" என்று ஒதுக்கி வைத்திருக்கிற பொருளெல்லாம் நம் மாடிக் கைப்பிடிச் சுவருக்கு மேலேயே வந்து நிற்கிறது. உங்கள் தெற்கு திறந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வடக்கு மறைந்தால் நமக்கு நஷ்டம் குறைவு. தெற்கு மறைந்திருந்தால்தான் நான் வருத்தப்பட்டிருப்பேன்.

மாசக் கணக்காகச் சொல்கிறேன். பிப்ரவரியில் ராத்திரி ஒன்பது மணி வாக்கில் அகத்திய நட்சத்திரம் நேர் தெற்கே உச்சத்தில் நிற்கும். சிரியஸுக்கு அடுத்தபடி வானத்திலேயே பிரகாசமானது, அடையாளம் தெரியாமல் போகாது. ஏப்ரல் நடுவில் அதே நேரத்தில் ஈட்டா கரினா நெபுலா, அதாவது ஒளிர்கிற வாயு மேகம். மே மாசம் பத்து மணிக்கு ஒமேகா சென்டாரி. பெரம்பூரிலிருந்து அது மங்கலான ஒரு பஞ்சுப் பொட்டாகத்தான் தெரியும், ஆனால் பைனாகுலரில் நட்சத்திரம் இல்லை என்பது பார்த்தவுடன் புரியும்.

தனுசு, விருச்சிகம் பக்கத்து நட்சத்திரக் கொத்துகளுக்கு ஒரு உள்ளூர் வழி இருக்கிறது. ஆடி, ஆவணியில்தான் அவை முன்னிரவில் வரும், அப்போது இங்கே மேகம். அதனால் பங்குனியில் விடியற்காலை நாலரை, ஐந்து மணிக்கு எழுந்து பாருங்கள். வானம் சுத்தமாக இருக்கும், தெருவில் வண்டிப் புகை இருக்காது, கேட்டையும் அதற்குக் கீழே தேளின் கொடுக்கும் நல்ல உயரத்தில் நிற்கும். கொடுக்குக்குப் பக்கத்தில் எம்7 என்ற நட்சத்திரக் கொத்து. நான் பைனாகுலரில் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் அது.


குரோம்பேட்டை டைமர் (குரோம்பேட்டை):

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. என்கிட்ட ஸீஸ்டார் எஸ்50ன்னு தானாவே படம் எடுக்கிற டெலஸ்கோப் இருக்கு. 50 மி.மீ. லென்ஸ், 250 மி.மீ. ஃபோகல் லெங்த், உள்ளேயே கேமரா. பத்து செகண்ட் பத்து செகண்டா படம் எடுத்து அதுவே அடுக்கிக்கும். குதிரைத்தலை நெபுலா, ரோசெட் நெபுலா, இதெல்லாம் இந்த ஊர் வெளிச்சத்துல எட்டு இன்ச் டெலஸ்கோப்ல கண்ணை வெச்சாலும் தெரியாது. இதுல ஒரு மணி நேரம் விட்டா போன் திரையில வருது. எல்இடி விளக்கு வந்தப்புறம் சென்னையில கண்ணால பாக்கிறதுக்கு நிலா, கிரகம், இரட்டை நட்சத்திரம், பெரிய கொத்து, ஓரியன் நெபுலா. அதைத் தாண்டி பெருசா எதுவும் இல்லைன்னுதான் எனக்குத் தோணுது. விலை அக்கா பட்ஜெட்டுக்கு ரொம்ப மேல, அது தெரியும். ஆனா "சேத்து வெச்சு வாங்குங்க"ன்னு சொல்றப்போ இதையும் கணக்குல வெக்கணும்ல?


ஆறங்குலக் கண்ணாடி (அம்பத்தூர்):

தம்பி, நியாயமான கேள்வி. படம் எடுப்பதில் எனக்குப் பகை இல்லை. நகர வெளிச்சத்தைத் தாண்ட அதுதான் வழி என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உன் கருவிக்கும் நம் அட்சரேகை ஒரு வேலை வைக்கிறது. மேல்-கீழ், இட-வலமாக நகர்கிற ஸ்டாண்டில் எந்தப் பொருளும் உச்சிக்கு நெருங்க நெருங்கப் படம் வேகமாகச் சுழலும். ஓரியனின் இடுப்பு நட்சத்திரங்கள் சென்னையில் 76 டிகிரி வரை ஏறுகின்றன. படத்தின் மூலைகள் கோடாக இழுபடுவதை நீயே பார்த்திருப்பாய். அதைத் தவிர்க்க ஈக்வடோரியல் முறையில் சாய்த்து வைத்தால், 13 டிகிரிக்கு அது கிட்டத்தட்டத் தரையோடு படுக்க வேண்டும். ட்ரைபாட் கவிழ்கிற அபாயம் அங்கேதான்.

அதைவிட முக்கியம், குழந்தையின் முதல் வியாழன் அவள் கண்ணுக்குள் நேராக வந்து விழ வேண்டும். 1610-ல் கலிலியோ பார்த்த நாலு நிலவும் இன்றைக்கும் வரிசையாக நிற்கின்றன. எட்டு மணிக்கு ஒரு இடம், பதினோரு மணிக்கு ஐயோ (Io) என்ற நிலவு கொஞ்சம் நகர்ந்திருக்கும். அதைத் தன் கண்ணால் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு மற்றதெல்லாம் பின்னால் தானாக வரும்.


குரோம்பேட்டை டைமர் (குரோம்பேட்டை):

மூலை இழுபடுது, உண்மைதான் அண்ணா. நான் ஓரியனை உச்சிக்கு வர்றதுக்கு முன்னாடி, கிழக்குல ஏறும்போதே எடுத்துடறேன். சாய்ச்சு வெக்கிறதுக்கு ட்ரைபாட் காலுக்கு நடுவுல தண்ணி கேன் தொங்கவிட்டு எடை ஏத்தியிருக்கேன், இதுவரைக்கும் நிக்குது. முதல் வியாழன் கண்ணாலதான்னு நீங்க சொன்னதை ஏத்துக்கிறேன். ரெண்டாவது வருஷத்துக்கு என் கருவியைப் பரிந்துரை பண்றேன், சரியா?

இன்னொரு விஷயம். நட்சத்திரத்தைக் காட்டப் பச்சை லேசர் வாங்காதீங்க அக்கா. எங்க பக்கம் மீனம்பாக்கத்துல இறங்கற விமானம் தலைக்கு மேலயே போகும். பைலட் கண்ணுல பட்டா எவ்வளவு ஆபத்துன்னு சொல்ல வேண்டியதில்லை. பெரம்பூரா இருந்தாலும் வேண்டாம்.


ஓய்வு ஆசிரியர் (தாம்பரம்):

நண்பர்களே, தாமதமாக வருகிறேன். தெற்கு வானம் என்று பேச்சு வந்ததால் ஒரு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். அந்தச் சிறுமியிடம் இதைச் சொல்லுங்கள் அம்மா.

நுங்கம்பாக்கத்தில் 1792-ல் மெட்ராஸ் வானாய்வகம் எழுந்தது. இன்றைக்கு வானிலை ஆய்வு மையம் இருக்கிற வளாகம்தான் அது. தொலைநோக்கியைத் தாங்கிய 15 அடிக் கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து பொறித்திருக்கிறார்கள். அங்கே டெய்லர் என்பவர் சுமார் 11,000 நட்சத்திரங்களின் இடங்களை அளந்து பட்டியலிட்டார். 1861-ல் போக்சன் என்பவர் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்று பெயர் வைத்தார். அவரிடம் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ல் ரெட்டிகுலம் நட்சத்திர மண்டலத்தில் ஒளி மாறுகிற ஒரு நட்சத்திரத்தை அடையாளம் கண்டார். ஆர் ரெட்டிகுலி என்று இன்றும் அதற்குப் பெயர்.

அந்த நட்சத்திரம் வானக் கோளத்தின் நடுக்கோட்டுக்குத் தெற்கே 63 டிகிரியில் இருக்கிறது. சென்னையில் அது ஏறுகிற அதிகபட்ச உயரம் 14 டிகிரி. லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ யாருக்கும் அது தெரிந்திருக்க வழியே இல்லை. நுங்கம்பாக்கத்தில் நின்றதால், தெற்கு அடிவானத்துக்கு மேலே பொறுமையாகப் பார்த்ததால் அவருக்குக் கிடைத்தது. 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது பொதுமக்களுக்குப் புரியும்படி அதை விளக்கியும் எழுதினார். பெரம்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் எத்தனை தூரம்? அதே வானம்தான். விளக்கு மட்டும் கூடிவிட்டது.

விளக்கைப் பற்றி ஒன்று. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்து, ஊரில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. சென்னை இருண்டால் பால்வெளி தெரியுமா என்று பார்க்க என் மாணவர்கள் துடித்தார்கள். மறுநாளே பௌர்ணமி. நிலா வெளிச்சம் எல்லாவற்றையும் அழித்துவிட்டது. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.


மாடிவீட்டுக்காரி (பெரம்பூர்):

எல்லாருக்கும் நன்றி. ரகுநாதாச்சாரி பற்றி வாசித்துக் காட்டினேன். "அம்மா, அந்தத் தூணை நாம போய்ப் பார்க்கலாமா" என்று உடனே கேட்டாள். ஐயா, உள்ளே அனுமதி உண்டா என்று விசாரித்துப் பார்க்கிறேன்.

இன்னும் சில சந்தேகம். எங்கள் வீட்டில் ஈரப்பதம் அதிகம், மழை மாசத்தில் பீரோவில் துணியே பூஞ்சை பிடிக்கும். லென்ஸ் என்ன ஆகும்? மாடித் தரை ராத்திரியிலும் சுடுகிறது, அதனால் பாதிப்பு உண்டா? கேட்க ஆசைப்படுகிற இன்னொன்று: ஊருக்கு வெளியே போய்ப் பார்க்கிறீர்களே, பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அப்படிப் போவது நடக்கிற காரியமா?


தெற்குவானம் (திருவான்மியூர்):

மூன்றும் சரியான கேள்விகள்.

பூஞ்சை. கடலோரத்தில் இருப்பதால் நான் இதில் கண்டிப்பாக இருக்கிறேன். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிகா ஜெல். நீலமாக இருந்தது இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், வாணலியில் மெல்லிய தீயில் சூடாக்கினால் திரும்ப நீலமாகும். சமையலுக்கு எடுக்காத தனி வாணலியாக இருக்கட்டும். பைனாகுலரையும் ஐபீஸ்களையும் அதில்தான் வைக்க வேண்டும். தோல் உறையில் வைத்து அலமாரியில் போட்டால் அக்டோபர், நவம்பரில் லென்ஸுக்குள் நூல் நூலாகப் பிடித்துவிடும். பார்த்து முடித்ததும் பனி ஈரத்தோடு மூடி போடாதீர்கள். ஃபேன் காற்றில் உலரவிட்டு அப்புறம் மூடுங்கள். ஏசி ரூமில் வைத்திருந்து நேராக மாடிக்குக் கொண்டுபோனால் கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும். அரை மணி முன்னாலேயே ஏசி இல்லாத அறைக்கு மாற்றி வையுங்கள். குழாயின் வாயில் பழைய யோகா மேட்டை உருட்டிக் கட்டினால் பனியும் குறையும், பக்கத்து விளக்கும் உள்ளே வராது.

தரைச் சூடு. சிமெண்ட் தளம் பகல் முழுக்க வாங்கின வெப்பத்தை ராத்திரி பத்து மணி வரைக்கும் கக்குகிறது. அந்தச் சூடான காற்று மேலே எழும்போது வியாழன் கொதிக்கிற மாதிரி ஆடும். சாயந்திரம் ஆறு மணிக்கு இரண்டு பக்கெட் தண்ணீர் தெளித்துவிடுங்கள். தட்டோடு பதித்த மாடி, வெள்ளைப் பெயின்ட் அடித்த மாடி கொஞ்சம் பரவாயில்லை. பதினொரு மணிக்கு மேல் காற்று அமைதியானால் சென்னையில் கிரகங்கள் அசையாமல் நிற்கிற ராத்திரிகள் நிறையக் கிடைக்கும். அப்படிப்பட்ட ராத்திரியில் ஓரியன் நெபுலாவின் நடுவே இருக்கிற டிரபீசியம் நட்சத்திரங்களைப் பாருங்கள். நாலு எல்லாருக்கும் தெரியும். ஆறங்குலத்தில் ஐந்தாவது, ஆறாவது தெரிந்தால் காற்று அன்றைக்கு உங்கள் பக்கம். போகி அன்றைக்கு மட்டும் மாடிக்கே போகாதீர்கள், புகை மறுநாள் வரைக்கும் அடங்காது.

தெரு விளக்குக்குத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நில்லுங்கள். தலையோடு ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு ஐபீஸில் பார்த்தால் எவ்வளவு வித்தியாசம் என்று அவளே சொல்வாள்.

வெளியூர்ப் பயணம். பெண்கள் தனியாகப் போகாதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை, ஆனால் நாங்கள் குழுவாகத்தான் போகிறோம். இரண்டு குடும்பமாவது இருக்கும், கழிப்பறை வசதியுள்ள தெரிந்தவர் வீடோ தோட்டமோ முன்கூட்டியே பேசி வைத்திருப்போம். வெறும் கடற்கரையில் நடுராத்திரி வண்டியை நிறுத்துவதில்லை. எந்தத் திசையில் போவது என்பது இடத்தைவிட முக்கியம். பழவேற்காடு பக்கம் இருட்டுதான், ஆனால் அங்கிருந்து தெற்கே பார்த்தால் சென்னையின் வெளிச்சக் குவியல். நமக்கு வேண்டியதே தெற்கு வானம் என்பதால் ஊருக்குத் தெற்கே, மரக்காணம் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் போங்கள். நகரம் முதுகுப் பக்கம் போய்விடும், முன்னால் கடல். மீன்பிடி படகு விளக்குகள் அடிவானத்தில் வரிசையாக இருக்கும், அவ்வளவுதான்.


ஓய்வு ஆசிரியர் (தாம்பரம்):

ஜவ்வாது மலையில் காவலூரையும் பட்டியலில் சேருங்கள். வைணு பாப்பு வானாய்வகம் அங்கே இருக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கி, உள்நாட்டிலேயே செய்தது, 1986 ஜனவரியில் தொடங்கி வைத்தார்கள். அங்கே இருக்கிற 1 மீட்டர் தொலைநோக்கி 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அதன் வளையங்களைப் பதிவுசெய்த கருவிகளில் ஒன்று. பொதுமக்களையும் அனுமதிக்கிறார்கள். எந்த நாள், எந்த நேரம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலைப்பாதை. போகிற வழியில் வண்டியை ஓரங்கட்டி வெறும் கண்ணால் மேலே பார்த்தாலே போன காரியம் பாதி முடிந்துவிடும்.

சூரியனைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மலிவு டெலஸ்கோப்புகளோடு ஐபீஸில் திருகிப் போடுகிற சின்ன கறுப்பு சூரிய வடிகட்டி ஒன்று வரும். அதை உடைத்துக் குப்பையில் போடுங்கள். குவிந்த வெப்பத்தில் அது விரிசல் விட்டால் கண் போய்விடும். சூரியனைப் பார்க்கிற வடிகட்டி குழாயின் முன்வாயை முழுதாக மூட வேண்டும். குறிபார்க்கிற சின்னக் குழாயான ஃபைண்டரையும் மூடி போட்டு அடைக்க வேண்டும். பெரியவர் கூட இல்லாமல் பகலில் டெலஸ்கோப்பை எடுக்கக் கூடாது என்பதை வீட்டுச் சட்டமாகவே வைத்துவிடுங்கள். பகலில் அவள் தனியாகச் செய்ய வேறொன்று இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் சென்னையில் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நேராக நிறுத்திய குச்சிக்கு நிழல் விழாது. அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் தினமும் நிழலை அளந்து எழுதச் சொல்லுங்கள்.


ஆறங்குலக் கண்ணாடி (அம்பத்தூர்):

டாப்சோனியனைப் பற்றி நல்லதாகவே சொல்லிக்கொண்டிருந்தேன், ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். நேர் உச்சியில் இருக்கிற பொருளை அதில் தொடர்வது கஷ்டம். இட-வலமாகச் சுற்ற வேண்டிய பெட்டி அங்கே பிடி கொடுக்காது. ஐரோப்பாவில் கிரகங்கள் உச்சிக்கு வருவதே இல்லை, அதனால் அவர்களுக்கு இந்தத் தொல்லை கிரகங்களில் இல்லை. நமக்கு வியாழன் இந்த ஜனவரியில் மிதுனத்தில், 81 டிகிரி உயரத்தில் போகிறது. ஜனவரி கடைசியில் பதினோரு மணிக்கு அது உச்சத்தில் நிற்கும். அதனால் எட்டு, ஒன்பது மணிக்குக் கிழக்கில் ஏறி வரும்போதே பாருங்கள், அல்லது ஒரு மணிக்கு மேல் மேற்கே சாயும்போது. 120 மடங்கில் ஒன்றரை நிமிஷத்துக்கெல்லாம் பார்வையிலிருந்து நகர்ந்துவிடும். மெல்லத் தள்ளிக்கொண்டே பார்ப்பது நாலைந்து ராத்திரியில் கைப்பழக்கமாகும். இந்தத் தொல்லைக்கு ஈடாக நமக்குக் கிடைப்பது பெரிது. உச்சிக்குப் பக்கத்தில் காற்றுப் படலம் மெல்லிசு, கிரகத்தின் பட்டைகள் தெளிவாக நிற்கும்.

சனி இப்போது மேற்கே சீக்கிரம் இறங்கிவிடுகிறது. 2025 மார்ச்சில் வளையத்தின் தளம் பூமிக்கு நேர்க்கோட்டில் வந்து போனதால் இந்த வருஷம் வளையம் மெல்லிய கோடாகத்தான் தெரியும். படத்தில் பார்த்த சனி இது இல்லையே என்று பிள்ளை ஏமாற வேண்டாம், முன்னாலேயே சொல்லி வையுங்கள். அடுத்தடுத்த வருஷங்களில் விரிந்துகொண்டே போகும்.

பிளைவுட் வெட்டத் தெரிந்தவர் வீட்டில் யாராவது இருந்தால் கண்ணாடிகள், ஃபோகசர் மட்டும் வாங்கி மற்றதை நாமே செய்யலாம். குழாய்க்கு பிவிசி பைப், சுழலுகிற இடத்துக்கு லேமினேட் பலகை மேல் டெஃப்லான் துண்டுகள். அம்பத்தூரில் என் பட்டறையில் மரப்பெட்டியைச் செய்து தருகிறேன், கூலி வேண்டாம். அவளும் கூட வந்து ஆணி அடிக்கட்டும். தன் கையால் செய்த பெட்டியில் ஏற்றிய கண்ணாடியை அவள் தூசி படியவிட மாட்டாள்.


மாடிவீட்டுக்காரி (பெரம்பூர்):

சார், எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. முடிவு செய்துவிட்டோம். 10x50 பைனாகுலரும் ட்ரைபாடும் இந்த வாரமே. கோடை விடுமுறையில் ஆறங்குலக் கண்ணாடி வாங்கி, பெட்டியை உங்கள் பட்டறையில் செய்வது. அவள் இப்போதே நோட்டுப் போட்டு அளவுகள் எழுத ஆரம்பித்துவிட்டாள். அவளுடைய அப்பா ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தவர், மரமும் இரும்பும் அவருக்குப் பழக்கம், அவரும் வருகிறேன் என்கிறார்.

கடைசியாக ஒன்று. பைனாகுலரை ட்ரைபாடில் எப்படி மாட்டுவது? வந்ததும் முதலில் எதைப் பார்க்கச் சொல்ல?


தெற்குவானம் (திருவான்மியூர்):

பைனாகுலரின் நடுத்தண்டு முனையில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திருகிக் கழற்றினால் உள்ளே மரை. அதில் மாட்டுகிற எல் வடிவ அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். ஆர்டர் போடுவதற்கு முன் நீங்கள் வாங்குகிற மாடலில் அந்த மரை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், எல்லாவற்றிலும் இருக்காது. ட்ரைபாட் அவள் கண் உயரத்துக்கு மேல் எழும்ப வேண்டும். உச்சியில் இருக்கிறதைப் பார்க்க ட்ரைபாட் வேண்டாம், சாய்வு நாற்காலியில் படுத்து முழங்கைகளை மார்பில் ஊன்றிக்கொண்டால் போதும்.

முதல் வாரம் நிலா. அமாவாசை முடிந்த மூன்றாம் நாள், நாலாம் நாள் மேற்கே பாருங்கள். இந்த மாசங்களில் நம் அட்சரேகையில் பிறை தோணி போல மல்லாந்து மிதக்கும். வெளிச்சமும் இருட்டும் சேர்கிற விளிம்பில்தான் பள்ளங்கள் நன்றாகத் தெரியும். அப்புறம் கார்த்திகை. வெறும் கண்ணில் எத்தனை எண்ண முடிகிறது, பைனாகுலரில் எத்தனை என்று இரண்டையும் எழுதி வைக்கட்டும். அதற்கடுத்து ஓரியனின் வாள், கடைசியாகக் கைப்பிடிச் சுவருக்கு மேல் அகத்தியர்.

2026 மார்ச் 3-ம் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். சந்திர கிரகணம். முழு மறைப்பு நமக்கு நிலா எழுவதற்கு முன்பே முடிந்துவிடும். ஆறேகால் வாக்கில் நிலா எழும்போதே ஓரத்தில் பூமியின் நிழல் படிந்திருக்கும், 6.47-க்கு விலகிவிடும். அரை மணி நேரம்தான். உங்கள் மாடியில் கிழக்கு அடிவானம் கடைசிவரை தெரியவில்லையென்றால் மெரினாவுக்கு வந்துவிடுங்கள். காந்தி சிலைப் பக்கம் ஐந்தே முக்கால் மணிக்கே நான் ட்ரைபாடோடு நிற்பேன்.


குரோம்பேட்டை டைமர் (குரோம்பேட்டை):

நானும் வர்றேன். அன்னைக்குக் கருவி இல்லாம வெறும் பைனாகுலரோடதான்.